பாலம்மாவின் பெயரைச் சொன்ன குழந்தை

வெள்ளையம்மா அன்று பால் வெட்டப் போகவில்லை. ஐந்து வயது மகள் மருதாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இலங்கையில் ருவான்வெல்லைக்கு மேலே இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தின் மருந்துச்சாலை வாசலில் நின்றாள். அது 1926ஆம் ஆண்டு, மாசி மாதத்து வியாழக்கிழமை. பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. செத்துப்போன ஒருத்தி அதன் உடம்பில் புகுந்திருக்கிறாள். மறுநாள் கோடாங்கி வந்து வேப்பங்குழையால் அடித்து அவளை விரட்டப் போகிறார். அந்த அடியைத் தாங்க முன்கூட்டியே ஏதாவது மருந்து கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

மருந்துச்சாலைக்குப் பொறுப்பாக இருந்தவர் செல்வரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர். காணாமற்போன கோயில் விளக்கையும், மொட்டைக் கடிதம் எழுதிய கையையும் இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்தவர் என்று தோட்டத்தில் அவருக்குப் பெயர் உண்டு. அந்தக் கதைகளை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவருடன் வேலைசெய்த மருத்துவச்சி றஹீமா. வெள்ளையம்மா பேச்சை முடிப்பதற்குள் அவள் வாங்குப் பலகையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிபட்ட காயத்துக்கு என்னட்டை மருந்து இருக்கு பிள்ளை. அடிக்கு முதல் குடுக்கிற மருந்து இல்லை," என்றார் செல்வரத்தினம். "இருந்து, முதலிலயிருந்து சொல்லு."

வெள்ளையம்மா சொன்னாள். ஒரு மாதத்துக்கு முன் ஒரு காலை, பாயில் படுத்திருந்த மருதாயி யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "பாலம்மா, துறையூர்" என்றாள். பாலம்மா, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இவர்கள் இப்போது இருக்கும் அதே ஒற்றை அறைக் காம்பராவில் குடியிருந்து, மருதாயி பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பே காய்ச்சலில் செத்தவள். அவள் புருஷன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு லயத்தில் யாரும் பயத்தில் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. குழந்தையோ அன்றிலிருந்து நாலைந்து தடவை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் வெள்ளையம்மா வாயிலேயே ஒன்று போட்டாள். தகப்பன் சின்னத்தம்பி அன்றிலிருந்து மகளைத் தூக்கவில்லை.

முன்பு ஏதாவது வித்தியாசமாகக் கண்டாயா என்று அவர் கேட்டார். கண்டதெல்லாம் வித்தியாசந்தான் என்றாள் அவள். ஒரு வயது நிறையும் முன்பே பேச்சு வந்தது. ஒருமுறை போன வழியை மறப்பதில்லை. ஒன்றுக்குப் பதில் சொன்னால் அதிலிருந்து ஒன்பது கேள்வி. தாய்மார் வேலைக்குப் போகையில் விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் தன்னொத்த பிள்ளைகளுடன் சேராமல் பெரியவர்கள் பேச்சையே வாய்பார்த்துக் கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கேட்ட கதையைத் திங்கட்கிழமை ஒரு சொல் பிசகாமல் சொல்வாள். படுத்தாலும் தூக்கம் குறைவு. இதெல்லாம் அந்தச் செத்தவளுடைய வேலைதானே என்று கேட்டாள் வெள்ளையம்மா.

அதற்குள் மருதாயி மேசையிலிருந்த மருந்துப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். அதன்மேல் மையால் எழுதியிருந்ததைப் பார்த்தாள். உடனே தலைகீழாகத் திருப்பினாள். தூள் முழுவதும் தரையில் கொட்டியது. எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் கவிழ்க்கிறது என்று வெள்ளையம்மா கையை ஓங்கினாள். செல்வரத்தினம் அந்தக் கையைத் தடுத்துவிட்டு, குழந்தையிடம் அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

"பால் வெட்டுற பாலைச் சொல்ற மாதிரியே சொல்லுதுங்க ஐயா," என்றாள் தாய்.

உயிரோடு இருந்தபோது நீங்கள் அவளை எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். வெள்ளையம்மா தயங்கித் தயங்கிச் சொல்லிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். பக்கத்துக் காம்பராக்காரிதான் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று றஹீமா அடித்துச் சொன்னாள். அவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பின்னேரம் லயத்துக்கு வருவதாகவும், கோடாங்கியையும் இன்றைக்கே வரச்சொல்லும்படியும் மட்டும் சொன்னார்.

வேலை முடிந்து எல்லோரும் திரும்பிய நேரத்தில் அவர் வந்தார். இந்த லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர் யார் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பக்கத்துக் காம்பரா அழகமுத்து ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை விரலால் தொட்டுத் தொட்டு உரக்கப் படிப்பான். மருதாயி எங்கே உட்காருவாள்? அவனுக்கு நேர் எதிரே, புத்தகத்தில் மூக்கு இடிக்கிற தூரத்தில் என்றான் அழகமுத்து.

பிறகு அவர் காம்பராவுக்குள் போய், கோட்டைக் கழற்றி றஹீமாவிடம் கொடுத்துவிட்டு, குழந்தையின் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். வெள்ளையம்மாவுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தவர் ஈரத்துணி கேட்டார். கதவின் அடியில், எலி அரித்த இடத்தில் ஒட்டுப்போட்டிருந்த பலகையைத் துடைத்தார். படுத்திருந்த கண்ணுக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்த வெள்ளை மை எழுத்துகள், புகைக்கரி போனதும் எல்லோருக்கும் தெரிந்தன, தலைகீழாக. றஹீமா கழுத்தைத் திருப்பித் திருப்பி எழுத்துக் கூட்டினாள். "பாலம்மா. துறையூர்." படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் எல்லோரையும் உட்காரவைத்துச் செல்வரத்தினம் விளக்கினார். அந்தப் பலகை பாலம்மாவின் பெட்டி மூடி. இந்தியக் கரையில், மண்டபம் முகாமில் கப்பலுக்குக் காத்திருந்தபோது பெட்டியில் எழுதிக்கொடுத்த பெயரும் ஊரும் அது. அவள் புருஷன் விட்டுப்போன பெட்டியை உடைத்துக் கதவுக்கு ஒட்டுப்போட்ட தச்சன் மூடியைத் தலைகீழாக அறைந்துவிட்டான். எதிரே உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்தே பழகிய பிள்ளைக்குத் தலைகீழ் எழுத்துத்தான் நேரான எழுத்து. பொட்டலத்தைக் கவிழ்த்ததும் வாசிக்கத்தான்.

"இந்த லயத்தில ஆரும் சொல்லிக் குடுத்திருந்தால், பாலகிருஷ்ணன் எண்டு சொல்லுறமே, அந்த மெத்தெண்ட பா வந்திருக்கும். இவள் சொன்னது குடிக்கிற பால். எழுத்தில ரெண்டும் ஒண்டு. வாசிச்ச ஆளுக்குத்தான் இந்தப் பிழை வரும்." அவர் கோடாங்கியைப் பார்த்தார். "தன்ர பேரையே பிழையாச் சொல்லுற ஆவியை நீர் கண்டிருக்கிறீரோ?"

கோடாங்கி வயதானவர்; வம்புக்காரர் அல்லர். ஆவி நினைத்தால் எழுத்தையும் காட்டும் என்றார். அப்படியானால் இங்கே யாருக்கும் தெரியாத ஒரு பெயரை நீர் என் காதில் சொல்லும் என்றார் செல்வரத்தினம். கோடாங்கி சொன்னார். செல்வரத்தினம் அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மருதாயியிடம் நீட்டினார்.

குழந்தை காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். உதடு அசைந்தது.

"கெங்கம்மா," என்றாள், கெண்டை மீனைச் சொல்வதுபோல முதல் எழுத்தை வல்லென்று உடைத்து.

"அப்படி இல்ல தாயி," என்று திருத்தினார் கோடாங்கி. கங்கையைச் சொல்வதுபோல மெத்தென்று அந்தப் பெயரைச் சொல்லிக்காட்டியவர், பாதியில் நிறுத்திவிட்டார். "எங்க ஆத்தா பேரு. அவள அப்படிக் கூப்பிட்டவங்க ஒருத்தரும் கெடையாது." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இங்கே தனக்கு வேலை இல்லை என்று சின்னத்தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளையம்மா வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். றஹீமா முதுகைத் தடவினாள். சின்னத்தம்பிதான் கேட்டான்: அப்படியென்றால் பிள்ளைக்கு என்ன?

"ஒண்டும் இல்லை. வயசுக்கு மிஞ்சின புத்தி, அவ்வளவுதான். வெள்ளையம்மா காலையில எனக்குச் சொன்னது முழுக்க அதின்ர அடையாளம். நீங்கள் பேய் எண்டு எண்ணினீங்கள்." கேள்வி கேட்டால் வாயில் போடவேண்டாம், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள் என்றார். அழகமுத்து இனிமேல் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கட்டும். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் தானே பேசுவதாக றஹீமா முந்திக்கொண்டாள்.

அவர்கள் போனபின் சின்னத்தம்பி மகளருகே வந்தான். அவளைத் தூக்கித் தோளில் வைத்தான். ஒரு மாதத்தில் பிள்ளை கனத்துவிட்டது என்று மட்டும் சொன்னான். வெள்ளையம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

மருதாயி தகப்பன் தோளிலிருந்து குனிந்து தாயைப் பார்த்தாள். கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தவள்போல இருந்தது.

"அம்மா, பாலம்மா யாரு?"

இத்தனை நாளும் பிள்ளை கேட்க நினைத்தது அவ்வளவுதான் என்பது வெள்ளையம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொன்னாள். நாக்கு கூசவில்லை.

"இங்க வந்து உக்காரு, சொல்றேன்," என்றாள். "நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த மொத நாளு, கால்ல அட்டை ஏறி அழுதுக்கிட்டு நின்னேன். அவதான் ஓடிவந்து பிடுங்கிப் போட்டா. அப்பிடிச் சிரிச்சா."

"ஏன் சிரிச்சா?" என்று கேட்டாள் மருதாயி.

வெள்ளையம்மா அதற்கும் பதில் சொன்னாள்.