நான்கு பின்கள்

பைக்குள் கையை விட்டபோது வெண்டலுக்கு நான்கு பின்கள்தான் தட்டுப்பட்டன. ஐந்து இருக்க வேண்டும். கவிழ்த்துக் கொட்டினான், உள்துணியைப் பிதுக்கிப் பார்த்தான், மண்டிபோட்டுக் கொட்டகைத் தரை முழுக்கத் துழாவினான். எண்ணெய்ப் பிசுக்கும், சவூதி மலைக்காற்று வாரிக்கொண்டு வந்த மணலும்தான் விரலில் ஒட்டின.

கறுப்பு விமானம் குண்டோடு கிளம்பி ஐந்து மணி நேரமாகிவிட்டது. ரேடாரில் குருவியளவுகூடத் தெரியாத அதை, கட்டின மனைவியிடமும் மூச்சுவிடாமல், நெவாடா பாலைவனத்தில் ஆறு வருஷம் சீராட்டிய மெக்கானிக் வெண்டல். ஓட்டுபவர் கேப்டன் மெரிக். கிளம்புமுன் அவருடைய இருக்கையில் பூட்டாகச் செருகியிருக்கும் ஐந்து பின்களையும் வெண்டல் உருவி, கண்முன் விசிறியாக விரித்துக் காட்டுவான். அவர் எண்ணிவிட்டுத் தலையசைப்பார். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டாலும் ஆபத்தில் இருக்கை அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே பாயாது. மனுஷன் விமானத்தோடு போக வேண்டியதுதான்.

நேற்றிரவும் தலையசைத்தார். ஆனால் எண்ணினாரா? நூறு தடவை சரியாக இருந்ததை அடுத்த தடவை யார் எண்ணுகிறார்கள்? இவனே எண்ணவில்லையே.

பக்கத்து விமானத்தின் பொறுப்பாளன் ஒடெல் காபியோடு வந்தான்.

"என் பின் ஒண்ண நீ எடுத்தியாடா?"

"அத வெச்சு நான் என்ன, பல்லு குத்தவா? ரேடியோல கூப்ட்டு சொல்லிடேன்."

"எதிரி எல்லை தாண்டினதும் ரேடார்ல படாம இருக்க ஆண்டெனாவ உள்ள இழுத்துடுவாங்களே. அவருக்கு எப்படிக் கேக்கும்?"

ஒடெல் சிரிப்பை நிறுத்தினான். "வந்துடுவார்டா. அதத்தான் எவனாலயும் பாக்க முடியாதே."

அவனுடைய விமானம் வந்து இறங்க, அவன் போய்விட்டான். வெண்டல் தனியாக நின்றான். வானம் லேசாக வெளுக்கும்போது கொட்டகை வாசலில் ஏதோ கறுத்தது. விளக்கில்லை. இரைச்சலில்லை. கறுப்பு விமானம் மெல்ல உருண்டு உள்ளே வந்து, தன் இடத்தில் நின்றது. வாலில் அவனுடைய விமானத்தின் எண். அழுகை முட்டிக்கொண்டு வர, ஓடிப்போய் அதன் வயிற்றில் கை வைத்தான்.

சில்லென்று இருந்தது. இவ்வளவு தூரம் பறந்து வந்த இயந்திரம் கொதிக்க வேண்டாமா?

சுவரில் தொலைபேசி அடித்தது. கண்காணிப்புக் கோபுரம்.

"வெண்டல், மெரிக் இன்னும் வரல. வழியில வானத்துலயே பெட்ரோல் போட்டுக்கவும் வரலயாம். ஒரு மணி நேரம் முன்னாடியே தீர்ந்திருக்கும்."

"இங்கதான் நிக்குது."

"எது? ஒடெலோடதுக்கு அப்புறம் ஓடுபாதைல எதுவும் எறங்கலப்பா."

ரிசீவர் கையிலிருந்து நழுவித் தொங்கியது. ஏணியைச் சாய்த்தான். யாரோ விளையாடுகிறார்கள். ஒடெலாகத்தான் இருக்கும். ஏறினான். ஒரு படி. இன்னொரு படி. கருகிய ரப்பர் நாற்றம். கண்ணாடி மூடி தானாகத் திறந்தது.

கேப்டன் இருந்தார். அவனையே பார்த்துக்கொண்டு.

உயிர் தப்ப இழுக்கும் மஞ்சள் கைப்பிடிகள். இரண்டையும் இரண்டு கைகளாலும் பற்றியிருந்தார். கையுறை கிழிந்திருந்தது. விரல்களில் தோல் இல்லை.

இழுத்தார். விட்டார். மறுபடியும் இழுத்தார்.