எல்லா அடுக்கும்

அந்தப் பிழைக்குறி திரையில் மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. காலையிலிருந்து தூபா அந்தச் சிவப்புப் புள்ளியை விரட்டிக்கொண்டிருந்தாள். அதுவோ தெருநாய் மாதிரி ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தன் இடத்துக்கே வந்து படுத்துக்கொண்டது.

கம்ப்யூட்டர் சிப் வரைவது தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய வித்தை. கிட்டப் போனால் டப்பாவுக்குள் டப்பா, அவ்வளவுதான். ஒரு சின்ன டப்பாவை வரைந்து, பெயர் வைத்து, வேண்டிய இடத்திலெல்லாம் வைப்பார்கள். பலவற்றைச் சேர்த்து இன்னொரு டப்பா, அதற்கும் ஒரு பெயர். இந்த டப்பாக்களைத்தான் செல் என்பார்கள். புள்ளி இருந்தது எல்லாவற்றுக்கும் அடியில், வேலையை விட்டுப் போன யாரோ வரைந்த ஒரு செல்லுக்குள். அதைத் திருத்த இவளுக்கு அனுமதி இல்லை.

"ரொம்ப அவசரம்னா பிளாட்டன் பண்ணுங்க தூபா," என்றார் போனில் ஹேமந்த். பெங்களூர் ஆபீசில் அவளுக்கு மேலே இருப்பவர். "ஆனா ஒரு அடுக்கு மட்டும். ஃபைலை ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு."

"இன்னிக்கு அனுப்பிட்டா எனக்கு லீவு உண்டுதானே சார்?"

"சாயந்திரத்துக்குள்ள அனுப்புங்க. நாளைலருந்து நீங்க ஃப்ரீ."

லீவு ஹீனாவுக்காக. நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். ஆம்பூரில் அந்தக் காலத்து வீடு. அவள் உட்கார்ந்து வேலை பார்க்கும் கூடத்தைத் தாண்டிச் சமையலறை, அதைத் தாண்டி ஜன்னல் இல்லாத உள்ளறை. அங்கேதான் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தது. "அம்மி, வந்து படு," என்று மத்தியானம் கூப்பிட்டது. "இதோ வர்றேன்," என்றாள். அந்த 'இதோ' இன்னும் முடியவில்லை. தூபாவுக்கு உலகத்தில் வேண்டியதெல்லாம் அந்தப் பாயில் குழந்தையை அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடுவதுதான்.

வெளியே மழை கட்டிக்கொண்டு இருட்டியது. பிளாட்டன் என்றால் டப்பாக்களைக் கலைத்துவிட்டு உள்ளே இருப்பதையெல்லாம் ஒரே தளத்தில் பரப்பிப் போடுவது. ஓர் அடுக்கா, எல்லா அடுக்குமா என்று திரை கேட்டது. தூக்கத்தில் கண் சொருகியது. கை 'எல்லாம்' என்பதை அழுத்திவிட்டது. காப்பி எடுக்கவில்லை. பழக்கதோஷம், சேவும் பண்ணிவிட்டாள்.

டப்பாக்கள் போயின. பெயர்கள் போயின. சிவப்புப் புள்ளியும் போனது. அப்பாடா என்று சாய்ந்தபோதுதான் சத்தத்தைக் கவனித்தாள்.

உள்ளறை மின்விசிறி அவள் காதருகே சுற்றியது. குளியலறைக் குழாய் சொட்டுவதும், அடுத்த வீட்டுக் குக்கர் மூச்சு விடுவதும், ஆற்றோரத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் உருள்வதும், எல்லாம் அதே காதருகே. எதுவும் தூரமாக இல்லை, எதுவும் கிட்டவும் இல்லை. காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாசனையும் பச்சைத் தோலின் வீச்சமும் ஒரே மூச்சில் ஏறின. இத்தனைக்கும் நடுவில் ஹீனாவின் மூச்சு மட்டும் கேட்கவில்லை.

திரையைப் பார்த்தாள். வண்ணக் கோடுகளுக்கிடையே அவளுக்குத் தெரிந்த கட்டங்கள் கிடந்தன. கூடம். சமையலறை. உள்ளறை. அதில் கைகால் விரித்த ஒரு சிறு உருவம்.

ஹேமந்தைப் போனில் அழைத்தாள். "சார், எல்லா அடுக்கும் பிளாட்டன் ஆயிடுச்சி. திருப்ப முடியுமா?"

"சேவ் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்க. உள்ளன்னு ஒண்ணு இனிமே கெடையாது. எல்லாம் மேலதான்." அந்தக் குரலும் போனிலிருந்து வரவில்லை, காதருகேதான் இருந்தது. கொஞ்சம் தயங்கிக் கேட்டது. "நீங்க யாரு பேசறீங்க?"

சொல்ல வாயெடுத்தாள். தன் பெயர் வரவில்லை. பயந்துபோய்க் குழந்தையைக் கூப்பிடப் பார்த்தாள். அதன் பெயரும் வரவில்லை. வயிற்றில் சுமந்து பெற்று, காதில் ஓதி வைத்த பெயர்.

எழுந்து ஓர் அடி வைத்தாள். சமையலறை வரவில்லை. அந்த ஓர் அடியிலேயே உள்ளறை இருந்தது.

குழந்தை தரையில் கிடந்தது. பாயின் மேல் இல்லை. பாயோடு. ஷாப் முற்றத்தில் தோல் காயப்போடுவது போல, கைகால் விரித்து, மேடு பள்ளம் இல்லாமல். போர்வையின் பூக்களும் அதன் கன்னமும் ஒரே பரப்பு.

கண் மட்டும் சிமிட்டியது.

பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் உயரம். அவள் அகலம். குழந்தையை அணைக்க மடங்கிய கை.

ஓடு என்றது மனசு. எங்கே ஓடுவது? வெளியே என்று தனியாக ஒன்று இல்லை. அதுவும் போக, உடம்பு அசந்துபோயிருந்தது. குழந்தையை விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. துப்பட்டாவை எடுத்து வைத்துவிட்டுப் படுத்தாள்.

சரியாகப் பொருந்தியது.

வாசலில் பூட்டு திறந்தது. காதருகே. செருப்புக் கம்பெனியிலிருந்து அவள் கணவன் வந்துவிட்டான். டிபன் பாக்ஸை வைத்தான். "இன்னா, லைட்டு கூட போடாம?" என்றான்.

கண்ணை மட்டும் திருப்ப முடிந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் இன்னோர் இடம், அகன்ற தோளோடு, காலியாக.

வராதே என்று கத்த வேண்டும். குரல் உள்ளேயிருந்து வர வேண்டும்.

உள்ளே எதுவும் இல்லை.

அவன் ஓர் அடி வைத்தான்.