குடல்களால் ஆன கப்பல்

அன்று மாலை மெல்கியோரின் மாடுகள் அசைபோடவில்லை. வைக்கோல் வைத்தபடியே கிடந்தது. எல்லாம் ஏரிப் பக்கம், ஆகாயக் கப்பல் இறங்கும் திடலைப் பார்த்துக் கழுத்தை நீட்டி நின்றன.

அந்தக் கப்பலை அவருக்குப் பிடிக்காது. ஊரே தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து கண்ணீர் விடட்டும். கப்பலைப் போர்த்திய துணிக்குள் இருப்பதெல்லாம் மாட்டுக் குடல். லட்சக்கணக்கில் சுரண்டி, ஒட்டி, வாயுப் பைகளாக்கி அடைத்திருக்கிறார்கள். அவர் வளர்த்த மாடுகளின் குடலும் அதில்தான் போயிற்று. கறியைத் திணித்து சாசேஜ் செய்ய ஊரில் ஒரு முழம் குடல் மிஞ்சவில்லை. அந்தப் பைகளுக்கு நடுவே ஊர்ந்து ஓட்டை அடைப்பது அவருடைய ஒரே மகன் வென்டலினின் வேலை. இன்று அவனும் மேலே போயிருந்தான்.

திடலில் பனிமூட்டம். கப்பலை இழுத்து இறக்கக் கயிறு பிடிக்க நின்றவர்களுக்கு விரல்கள் மரத்துப் போயிருந்தன; மகனுக்காக மெல்கியோரும் அவர்களோடு நின்றார்.

"என்ன பெரியவரே, தொப்பியக் கழட்டினா மூளை பறந்துடுமா?" என்றாள் பக்கத்து வீட்டு கிரெஸென்ஸ்.

"மாட்டுக் குடலுக்குக் கும்பிடு போடறவ நீ போடு. எம்புள்ள எறங்கினதும் நான் வீட்டுக்குப் போறேன்."

"வழக்கம்போல செவப்புத் துண்ட ஆட்டுவான், பாருங்க."

கப்பல் வந்தது. இயந்திரச் சத்தமே இல்லாமல், பனியே கெட்டிப்பட்டு நகர்வதுபோல் வந்து, ஊரின் பாதி வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு தலைக்குமேல் நின்றது. சாணமும் புளித்த வைக்கோலும் கலந்த வெதுவெதுப்பான வாடை இறங்கியது. மேலிருந்து ஏதோ ஒன்று அடித்தொண்டையில் நீளமாகக் கத்த, தூரத்துத் தொழுவத்திலிருந்து அவருடைய மாடுகள் பதில் கத்தின.

கூட்டம் கைதட்டியது.

கயிறு விழுந்தது. பிடித்தார். சூடாக இருந்தது. ஈரம்.

அடியில் தொங்கிய அறையின் சன்னல்கள் திறந்து கிடந்தன. ஆளில்லை.

"டேய், வென்டலின்!"

துணி அசைந்தது. சினைமாட்டின் விலாவில் கன்று உதைப்பதை ஆயுசுக்கும் பார்த்தவர். அதே அசைவு. ஒரு முழங்கால். பிறகு ஒரு உள்ளங்கை. ஐந்து விரலும் விரிந்து, உள்ளிருந்து தள்ளியது.

"காத்து முட்டுது," என்றாள் கிரெஸென்ஸ், சிரித்தபடி.

இடுப்பில் கத்தி இருந்தது. கப்பலை இழுத்து இறக்கினால் துணியைக் கிழித்துவிடலாம். கைக்குச் சொன்னார். கை கேட்கவில்லை.

உள்ளங்கை அமிழ்ந்தது.

கப்பலின் மூக்குக்குக் கீழே துணி மடிந்தது. இடமும் வலமுமாக, நிதானமாக அசைந்தது. அந்த மடிப்பின் ஓரத்தில், புல் போல, சிவப்புத் துண்டின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

கப்பல் அசைபோட்டது.