ஏழாவது முளை

ஏழாவது முளையில் மட்டும் கணக்கு உதைத்தது.

விமானம் ஒரே கோட்டில் ஒன்பது தடவை பறந்து, பூமி இழுக்கிற இழுப்பை மேலிருந்தே அளந்திருந்தது. அளவைக்காரக் கிழவர் அதே கோட்டில் தரையில் அறைந்திருந்த மர முளைகளில், முளைக்கு முளை கருவி வைத்து எழுதிய எண்ணோடு அது ஒத்துப்போனால்தான் விமானக் கருவி தேறும். மற்ற முளைகள் ஒத்துப்போயின. ஏழு போகவில்லை.

"அடியில பொந்து இருக்கிற மாதிரி இழுப்பு குறையுது பெரியவரே. அங்க அளந்தீங்கதானே?" என்றாள் என்ஜினீயர் பெண்.

"பின்ன? ஆகாசத்துல போறதை நம்புங்க, மண்ணுல நிக்கிறவனை நம்பாதீங்க."

"கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை வச்சுப் பாருங்க. இல்லன்னா நாளைக்கு என் கருவியை மூட்டை கட்டிருவாங்க."

அவர் அளக்கவே இல்லை. ஆறாவது முளையின் எண்ணையே ஏழுக்கும் எழுதிவிட்டிருந்தார். நாலு வருஷம் முன்னே அங்கேதான் பழைய சுரங்கத்தின் மேல்மண் உள்வாங்கி, கூடவே வேலைக்கு வந்த மகனை விழுங்கியது. மூன்று நாள் தோண்டினார்கள். "தட்டுற சத்தம் கேக்குதுங்க" என்றாள் பெண்டாட்டி. பிரமை என்று அவள் வாயை அடைத்துவிட்டு, குழியை மூடக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவளும் இப்போது இல்லை.

உச்சி வெயில். காய்ந்த புல் காலடியில் நொறுங்க, தூரத்தில் விமானத்தின் இரைச்சல் ஈயைப்போலத் தேய்ந்துகொண்டிருக்க, மழையே காணாத அந்தப் பொட்டலில் எங்கிருந்தோ ஈரமண் வாடை எழுந்து வர, அவர் ஏழாவது முளையருகே மண்டியிட்டுக் கருவியை வைத்தார்.

கருவி மட்டமாக நிற்க வேண்டும். கண்ணாடிக்குள் இருக்கிற குமிழி நடுவுக்கு வரும்வரை மூன்று கால் திருகுகளையும் திருக வேண்டும். அவர் திருகித் திருகிப் பார்த்தார். குமிழி ஓரத்துக்கே ஓடியது. அந்த நாளில் மகன்தான் திருகுவான். "கையை எடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்பான்.

கையை எடுத்தார். களைத்துப்போய்த்தான் எடுத்தார்.

குமிழி நகர்ந்தது.

காற்று இல்லை. இரைச்சலும் நின்றிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, நடுவை நோக்கி. அவர் குனிந்து பார்த்தார்.

ஒரு திருகு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தானாக இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வந்த இரண்டு விரல்கள் அதைப் பிடித்திருந்தன. பொறுமையாக. பழகின கை.

விரல்களில் நகம் இல்லை. மண்ணைப் பிராண்டிப் பிராண்டி நுனி தேய்ந்திருந்தன.

குமிழி நடுவில் நின்றது.