மாமன் கொண்டுவந்த இழை

மகள் பிறந்து மூன்று மாதமாகியும் அவள் கன்னம் எப்படி இருக்கும் என்று பூங்கோதையின் விரலுக்குத் தெரியாது. கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கொடுமைக்கு ஆரம்பம் விளையாட்டுக் கருவி என்றால் யார் நம்புவார்கள்?

முதலில் ஒரு நிறுவனம் கைப்பிடியை அதிரவைத்தது. திரையில் கார் மோதினால் உள்ளங்கை குலுங்கியது, உலகமே சொக்கிப்போனது. அடுத்த நிறுவனம் கைப்பிடியே வேண்டாம் என்றது. இன்னொன்று, தோலுக்கடியில் உடம்பெங்கும் உணர்விழையை ஓட்டிவிட்டது. ஒருவன் செய்தால் மற்றவன் சும்மா இருப்பானா? மருதம், சுடர், வேழம் என்ற மூன்று நிறுவனங்களும் இழை விற்றன. ஒன்றின் இழை இன்னொன்றோடு பேசாது; ஒரே நிறுவனத்து இழை உள்ளவர்கள் தொட்டால்தான் தொட்டது தெரியும். அதில்தான் வியாபாரமே இருந்தது. இழை ஏறிய நரம்போ, நாளடைவில் வெறுந்தோலின் சேதியைச் சட்டை செய்வதையே விட்டுவிட்டது.

பூங்கோதைக்கு மருதம். கணவன் சற்குணத்துக்குச் சுடர். கைகோத்து நடந்தாலும் இருவருக்கும் கையில் ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருக்கும். குழந்தைக்கு யாருடைய இழை என்று வாரக்கணக்கில் பேசினார்கள்.

“உன்னோடதே போட்டுரலாம். பசிச்சா உன்னயத்தான தேடும்,” என்றான் சற்குணம். அன்று முழுக்க அவன் குழந்தையின் பக்கமே போகவில்லை.

திருப்பூரில் இப்போது காதுகுத்தைப் போல இழையேற்றமும் தாய்மாமன் மடியில்தான். இழையும் மாமன் சீர். மருதம் வாங்கச் சொல்லி அண்ணன் தனபாலிடம் பூங்கோதை முன்பே சொல்லியிருந்தாள். பழம், பட்டுப்பாவாடை, நடுவில் பளபளக்கும் பெட்டி என்று தட்டு நிறைய அடுக்கி, மேளத்தோடு வந்தான். மருத்துவர் இழையை ஏற்றி முடித்த பிறகுதான் அவள் பெட்டியைப் பார்த்தாள். வேழம்.

“மருதம்னு சொன்னேனேண்ணா.”

“அது போன வருசத்துச் சரக்கு அம்மிணி. வேழத்துல புதுசு வந்திருக்கு, இருக்கறதுலயே ஒசத்தி. மாமன் பழசை வெச்சான்னு சபையில பேச்சு வரலாமா?”

பாவி, பாசத்தில்தான் செய்தான்.

நரம்போடு பின்னிக்கொண்ட இழையை, குழந்தை வளர்ந்து முடிக்கும்வரை எடுக்க முடியாது என்றார் மருத்துவர். மற்ற இழைகளோடு பேசவைக்க வழியுண்டா என்று சற்குணம் வேழம் நிறுவனத்திடம் கெஞ்சினான். அப்படி ஒரு திட்டம் இல்லை என்று கனிவாகப் பதில் வந்தது.

பச்சைக் குழந்தையின் நரம்பு சீக்கிரமே இழைக்குப் பழகிவிட்டது. ஒரு மத்தியானம் அது வீறிட்டு அழுதது. பூங்கோதை வாரியெடுத்து மார்போடு அணைத்தாள், முதுகைத் தடவினாள், முத்தமிட்டாள். அழுகை நிற்கவில்லை. பிஞ்சுக் கைகள் காற்றைத் துழாவிக்கொண்டே இருந்தன. அம்மா தூக்கியிருக்கிறாள் என்பது அதற்குத் தெரியவில்லை.