சாந்தில் பதிந்த கை

நெடுங்கரைக் கோயிலில் நடை திறந்ததும் மன்னன் மாறவேளை எழுப்புவதுதான் யாழரசியின் முதல் வேலை. விசையைத் தொட்டால் அவனது ஒளியுரு மண்டபத்தில் எழுந்து நிற்கும். வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும். பழஞ்சின்னங்கள் இப்படிப் பேசத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கோட்டைகளில் தளபதிகள் பேசினார்கள், ஏரிக்கரைகளில் சிற்றரசர்கள். பெண் குரல் கேட்பது அபூர்வம். கல்வெட்டில் பெயர் இருப்பவருக்கு மட்டுமே ஒளியுரு என்பது சட்டம்.

தடமானியை இயக்குவதும் அவள்தான். சுவரில் தங்கிய உயிர்த்தடங்களைப் படிக்கும் கருவி அது. கருவறைக்கு மேலுள்ள விமானத்தைப் பழுதுபார்த்தபோது, உள்ளடுக்குச் சாந்தில் ஓர் உள்ளங்கைப் பதிவு தென்பட்டது. பெண்ணின் கை. அருகில் சாந்தோடு இறுகிப்போன சில துளிகள். தாய்ப்பால் என்றது தடமானி.

யாழரசி சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் பிறந்து சில மாதங்களிலேயே வேலைக்குத் திரும்பியவள் அவள். பால் கட்டி, சட்டை நனைந்து, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஒளியுரு வேண்டுமென்று காப்பாளர் தணிகைவேலிடம் கேட்டாள். அவருக்கும் மனம் இளகியது. ஆனால் பெயரில்லாமல் சட்டம் விடாதே என்றார். சற்று யோசித்தார்.

"நீங்களே ஒரு பேரை வச்சிடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

"அவளுக்குன்னு ஒரு பேர் இருந்திருக்கும் சார். இன்னொண்ணைப் போட்டு அதை மூட வேண்டாம்."

மறுநாள், கிடைத்த சான்றுகளை மன்னனின் நினைவகத்தில் சேர்த்தாள். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. அவன் என்ன சொல்வான் என்பதுதான் அவள் கையில் இல்லை.

சுற்றுலா வந்த பெண்ணொருத்தி, இதைக் கட்டியது யாரென்று கேட்டாள். நேற்றுவரை "யாமே" என்று முழங்கியவன் இன்று பதிலை மாற்றினான்.

"பொன் கொடுத்தது யாம். விமானத்தைப் பூசியவள் பச்சைப் பிள்ளைக்காரி."

"அவ பேரு?"

"யாம் கேட்கவில்லை."

மாலையில், பழைய பதிலையே வைக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. சான்று பொய்யென்று காட்டினால் மாற்றுகிறேன் என்று தணிகைவேல் பதில் எழுதிவிட்டார்.

சில வாரங்களில் மற்ற ஊர்களிலும் கட்டியவர்களின் பெயரென்ன என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஒளியில் நின்ற மன்னர்கள் ஒவ்வொருவராக வாயடைத்துப் போனார்கள்.