ம் கொட்டும் மனிதர்

அவள் வாயைத் திறப்பதற்குள் ‘ம்’ வந்துவிட்டது.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈரப் போர்வைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, கையில் சோப்பு வாடையும் காதில் இயந்திர இரைச்சலும் இடுப்பில் இன்ன இடமென்று சொல்லமுடியாத வலியுமாக, கணவரின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் பொத்தென்று விழுந்திருந்தாள். சன்னலில் அந்தி மங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போடக்கூடத் தெம்பில்லை. பகலில் அவரை எட்டிப்பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா, “நல்லா தூங்குறாரு, கூப்பிட்டா ம்னு சொல்றாரு” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பக்கவாதத்தில் பேச்சு போன பிறகு, அவர் மூளையில் அரிசியளவு சில்லு ஒன்றைப் பதித்திருந்தார்கள். மனதில் எழுவதை அது படித்து, கழுத்துப் பட்டையிலுள்ள ஸ்பீக்கர் வழியாக அவர் குரலிலேயே சொல்லும் என்றார்கள். இதுவரை வந்தது ‘ம்’ மட்டும்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கதை சொல்வாள், அவர் ம் கொட்டுவார். அவள் நிறுத்தினால் “அப்புறம்?” என்பார். அந்த ஒரு சொல் திரும்பினால் போதும், ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்பிவிடலாம். அதற்காகத்தான் எவ்வளவு அலுப்பிலும் தினமும் பேசினாள்.

“இன்னைக்கும் சூப்பர்வைசர் கத்துனாருங்க.”

“ம்.”

“கறை போகலையாம். நான் என்ன மந்திரமா போடுறேன்?”

“ம்.”

சரியான இடத்தில்தான் விழுந்தது. ரொம்பச் சரியாக விழுந்தது. சில்லைச் சோதிக்க வந்த டெக்னீஷியன் அன்று சொன்னது நினைவுக்கு வந்தது: “போகப்போக உங்க பேச்சு அதுக்குப் பழகிடும்மா. அவரு அசந்துட்டாலும் அதுவே சமாளிச்சுக்கும்.”

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. காலைல உங்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறப்போ, நீங்க போயிட்டா தேவலைன்னு நினைச்சேன். அவ்வளவு அலுத்துப்போச்சு.”

“ம்.”

ஏற்றமில்லை. இறக்கமில்லை.

எழுந்து கட்டிலருகே போனாள். அறையில் இன்னொரு மூச்சுச் சத்தம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. கண்கள் பாதி திறந்திருந்தன. காலையில் அவசரத்தில் அவள் துடைக்காமல் விட்ட எச்சில், கன்னத்தில் காய்ந்து கிடந்தது.

“போயிட்டு வரேங்க” என்று கிளம்பியபோதும் ‘ம்’ வந்ததே.

அது யார்?

அழ நினைத்தாள். பேச்சு வரவில்லை. இருட்டு. அமைதி.

அவர் உதடுகள் அசையவில்லை. பட்டையிலிருந்து குரல் வந்தது. பழைய குரல். அதே கனிவு.

“அப்புறம்?”